டைமரை முடக்கிய பின்பும் மென்பொருள் பொதிகள் தாமாக மேம்படுகின்றன: எந்தச் சேவை காரணம்?

கணிப்புக்கூடம் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு பல்கலைக்கழகத் துறையில் 4 வரைவியல் அட்டைகள் பொருத்திய உபுண்டு 22.04 லினக்ஸ் சர்வர் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். ஆய்வு மாணவர்கள் அதில் மூலக்கூறு இயக்கக் கணிப்புகளை ஓட்டுகிறார்கள்; ஒரு கணிப்பு முடிய 2 வாரம் ஆவது வழக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை நண்பகலில் ஒரு மாணவி புதிய கணிப்பைத் தொடங்க முயன்றபோது, அட்டையை இயக்கும் டிரைவரின் பதிப்பும் அதனுடன் சேர்ந்து வேலை செய்யும் நிரலகத்தின் பதிப்பும் பொருந்தவில்லை என்ற பிழைச்செய்தி வந்தது. அன்று காலையில்தான் அதே அட்டையில் அவருடைய சோதனை ஓட்டம் தடையின்றி முடிந்திருந்தது. இடைப்பட்ட நேரத்தில் நான் சர்வரைத் தொடவே இல்லை. ரூட் எனப்படும் முழு நிர்வாக உரிமை வேறு யாரிடமும் இல்லை.

முதல் அட்டையில் 11 நாளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணிப்பு மட்டும் பாதிப்பின்றித் தொடர்கிறது. மற்ற 3 அட்டைகளும் வேலையின்றிக் கிடக்கின்றன. மறுதொடக்கம் செய்தால் எல்லாம் நேராகிவிடும் என்பது தெரியும். ஆனால் அந்தக் கணிப்பு இடைநிலைச் சேமிப்பு இல்லாமல் தொடங்கப்பட்டிருப்பதால், 11 நாள் உழைப்பும் மின்சாரமும் அதனுடன் போய்விடும்.

எனக்குப் புரியாதது இதுதான்: தானியங்கி மேம்படுத்தலை 3 மாதத்துக்கு முன்பே முடக்கிவிட்டேன். பொதிகளை நிறுவும் ஆப்ட் கருவியைக் குறித்த நேரத்தில் எழுப்பும் ஆப்ட்-டெய்லி.டைமர், பின்னணிச் சேவையான அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ்.சர்வீஸ் ஆகிய இரண்டையும் நிறுத்தி, கணினி எழும்போது தொடங்காதபடி டிசேபிள் செய்தேன். இந்த 3 மாதமும் ஒரு பொதிகூட மாறவில்லை. அப்படியிருக்க, இப்போது மட்டும் டிரைவரை மாற்றியது எது?

கருந்திரை எழுதியது:

ஊகிக்கும் முன் பதிவுக்கோப்பைப் பார்ப்போம். வார், லாக், ஆப்ட் என்ற கோப்புறைகளின் வழியே சென்றால் ஹிஸ்டரி.லாக் என்ற கோப்பு இருக்கும். ஒவ்வொரு நிறுவலுக்கும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தக் கட்டளையால் நடந்தது என்பவை அதில் பதிவாகியிருக்கும். கமாண்ட்லைன் என்று தொடங்கும் வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும். அங்கே அனட்டெண்டட்-அப்கிரேட் என்றிருந்தால் காரணம் உபுண்டுவின் தானியங்கி ஏற்பாடு. பேக்கேஜ்கிட் (பிற மென்பொருள்களுக்காகப் பொதிகளை நிறுவும் பின்னணிச் சேவை) என்றும் அதன் அருகில் ஒரு ரோல் என்றும் இருந்தால், வரைகலை மென்பொருள் மையம் போன்ற ஒன்று அதைக் கேட்டிருக்கிறது. யாரோ ஒருவர் சுடூ (நிர்வாக உரிமையுடன் கட்டளையை ஓட்டும் கருவி) வழியாக நிறுவியிருந்தால், ரிக்வெஸ்டட்-பை என்ற வரியில் அவருடைய பயனர் எண்ணே இருக்கும். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் எந்தச் சேவையையும் முடக்கப் புறப்பட வேண்டாம்.

அத்துடன் டைமர்களைப் பட்டியலிடும் சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ் கட்டளையை ஆல் என்ற விருப்பத்துடன் ஓட்டி, ஆப்ட் என்று தொடங்கும் வரிகளை இங்கே எழுதுங்கள்.

கணிப்புக்கூடம் எழுதியது:

மிக்க நன்றி. பதிவில் கமாண்ட்லைன் வரி அனட்டெண்டட்-அப்கிரேட் என்றே சொல்கிறது. தொடங்கிய நேரம் 06:24. எனக்கு வியப்பாக இருக்கிறது, ஏனெனில் காலை 10 மணிக்குக்கூட அட்டை சரியாக வேலை செய்தது. டைமர் பட்டியலில் ஆப்ட்-டெய்லி.டைமர் இல்லை, ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.டைமர் என்ற இன்னொன்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்.

கருந்திரை எழுதியது:

விடை அந்த இரண்டு வரிகளிலேயே இருக்கிறது. சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் இதே குழப்பத்தில் பலர் சிக்கியதைப் பார்த்திருக்கிறேன்; பெயர்கள்தான் அவர்களைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்கின்றன.

ஆப்ட்-டெய்லி.டைமர் செய்வது பொதிப்பட்டியலைப் புதுப்பிப்பதும், அமைப்பில் சொல்லியிருந்தால் பொதிகளை முன்கூட்டியே இறக்கி வைப்பதும் மட்டுமே. அது நாளுக்கு இரு முறை, 6 மணிக்கும் 18 மணிக்கும் குறிக்கப்பட்டு, 12 மணி நேரம் வரை தற்செயலாகத் தள்ளிப்போகும். பொதிகளை வழங்கும் கண்ணாடித்தளங்களின் மேல் எல்லாக் கணினிகளும் ஒரே கணத்தில் பாயாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. நிறுவும் வேலை ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.டைமருடையது. அது 6 மணிக்குக் குறிக்கப்பட்டு, 60 நிமிடம் வரை மட்டுமே தள்ளிப்போகும். மூன்றாவதாக, நீங்கள் நிறுத்திய அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ்.சர்வீஸ் பெயரளவில்தான் மேம்படுத்தும் சேவை. மேம்படுத்தல் நடந்துகொண்டிருக்கும்போது கணினி அணைக்கப்பட்டால், பாதியில் அறுந்துபோகாமல் காத்திருக்கச் செய்வதே அதன் பணி. ஆகவே நீங்கள் பாதுகாப்பு வளையம் ஒன்றையும் பட்டியலைப் புதுப்பிக்கும் கையையும் நிறுத்தினீர்கள். நிறுவும் கை நாள்தோறும் எழுந்து தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருந்தது.

அப்படியானால் 3 மாதம் ஏன் எதுவும் மாறவில்லை? பட்டியல் பழையதாகவே இருந்ததால், புதிய பதிப்பு வந்திருப்பது அதற்குத் தெரியாது. இங்கே ஒன்றைக் கேட்கிறேன்: திங்கட்கிழமை நீங்கள் ஏதேனும் நிறுவுவதற்காக, பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட் கட்டளையைக் கொடுத்தீர்களா?

நேரம் குறித்த வியப்புக்கும் விடை உண்டு. டைம்டேட்சிடிஎல் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பல சர்வர்கள் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் அமைக்கப்பட்டிருக்கும். யுடிசி 06:24 என்பது இந்திய நேரப்படி முற்பகல் 11:54. ஆள் இல்லாத விடியல் நேரம் என்று எண்ணிக் குறிக்கப்பட்ட 6 மணி, நம் பக்கத்தில் எல்லோரும் வேலையில் மூழ்கியிருக்கும் 11:30 ஆகிவிடுகிறது.

கணிப்புக்கூடம் எழுதியது:

ஆம். திங்கட்கிழமை மாலையில் ஒரு சிறு கருவியை நிறுவுவதற்காக அந்தக் கட்டளையைக் கொடுத்தேன். சர்வரும் யுடிசியில்தான் இருக்கிறது. 3 மாதம் பூட்டியிருந்த கதவை நானே திறந்துவிட்டிருக்கிறேன் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

இனி ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.டைமரையும் சேர்த்து, எதுவும் அதை எழுப்ப முடியாதபடி மாஸ்க் செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். இனியொரு முறை இப்படி நேர நான் இடம்கொடுக்க மாட்டேன்.

வாயிற்கதவு எழுதியது:

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் இந்த இழையில் இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்தச் சர்வர் 3 மாதம் ஒரு பாதுகாப்புத் திருத்தமும் இல்லாமல் வலையமைப்பில் நின்றிருக்கிறது.

2024 ஜூலை 1 அன்று, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளில் சிவிஇ-2024-6387 என்ற ஓட்டை வெளியிடப்பட்டது. கடவுச்சொல்லே இல்லாமல், தொலைவிலிருந்து ரூட் உரிமையைப் பெற வழிவகுக்கும் ஓட்டை அது, 8.5 முதல் 9.7 வரையிலான பதிப்புகளில் இருந்தது. உபுண்டு 22.04 இல் இருப்பது 8.9. திருத்தம் அன்றே வந்துவிட்டது. தானியங்கி மேம்படுத்தல் ஓடிய கணினிகளில், நிர்வாகி செய்தியைப் படிக்கும் முன்பே ஓட்டை அடைபட்டிருக்கும். அது முடக்கப்பட்ட கணினிகளில், யாரோ ஒருவர் நினைவு வைத்துக்கொண்டு உட்கார்ந்து செய்யும்வரை கதவு திறந்தே இருந்திருக்கும். ஈக்விஃபேக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் விவர நிறுவனத்தில் 2017 இல் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவு போனதும், மார்ச் மாதமே வெளிவந்துவிட்ட ஒரு திருத்தம் மே மாதத்திலும் பூசப்படாமல் இருந்த ஸ்ட்ரட்ஸ் என்ற வலைச்செயலிச் சட்டகத்தின் வழியாகத்தான்.

விரைந்து மேம்படுத்துவதிலும் ஆபத்து உண்டு, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலகத்தில் 2024 மார்ச்சில் கண்டுபிடிக்கப்பட்ட கள்ளவழியைப் பாருங்கள் என்று சிலர் சொல்லக்கூடும். அது புதிய பதிப்புகளை உடனுக்குடன் ஏற்கும் சோதனைக் கிளைகளைத்தான் எட்டியது. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் நிலையான வெளியீட்டை எட்டவில்லை. அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ் இயல்பாக ஏற்பது பாதுகாப்புக் கிளையிலிருந்து வரும் திருத்தங்களையே. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியாகாது.

பழைய வழங்கி எழுதியது:

வாயிற்கதவு அவர்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் பாதுகாப்புக் கிளையிலிருந்து வருவது என்பதாலேயே தீங்கற்றது என்று ஆகிவிடாது. பொதுவெளியில் விரிவாக ஆராயப்பட்ட இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன்; கணிப்புக்கூடம் அவர்களின் நிலையைப் புரிந்துகொள்ள இரண்டும் உதவும்.

2022 ஆகஸ்ட் 30 அன்று உபுண்டு 18.04 இல் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டிக்கான பாதுகாப்புத் திருத்தம் ஒன்று தானியங்கி மேம்படுத்தல் வழியாக இறங்கியது. மைக்ரோசாஃப்ட் அஷூர் மேகத்தில் அந்தத் திருத்தத்தை ஏற்ற கணினிகள் பல, டிஎன்எஸ் அமைப்பை இழந்தன. கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் எந்தப் பெயரையும் முகவரியாக மாற்ற அதனால் இயலாது. பலருக்கு மறுதொடக்கமே தீர்வாக இருந்தது.

2023 மார்ச் 8 அன்று, கணினிகளைக் கண்காணிக்கும் சேவை தரும் டேட்டாடாக் நிறுவனத்துக்கு நேர்ந்தது இன்னும் பெரியது. உபுண்டு 22.04 இல் சிஸ்டம்டிக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. யுடிசி 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் அது பல்லாயிரக்கணக்கான கணினிகளில் நிறுவப்பட்டது. திருத்தத்தில் பழுது ஏதும் இல்லை. நிறுவல் முடிந்ததும் சிஸ்டம்டியின் வலையமைப்புப் பகுதியான சிஸ்டம்டி-நெட்வொர்க்டி மறுதொடக்கமானது. அது எழும்போது, தான் அறியாத வலையமைப்பு விதிகளைத் துடைத்துவிடும் வழக்கம் அதன் 248 ஆம் பதிப்பில் நுழைந்திருந்தது. குபர்நெட்டீஸ் நடத்தும் கொள்கலன்களுக்காக (தனித்தனி உறைகளில் ஓடும் நிரல்கள்) சீலியம் என்ற வலையமைப்புக் கருவி எழுதி வைத்திருந்த விதிகள் அப்படித்தான் மறைந்தன. புதிதாகத் தொடங்கும் கணினியில் இந்தச் சிக்கல் தெரியாது, ஏனெனில் அங்கே நெட்வொர்க்டி முதலில் எழும், சீலியம் பின்னால் வரும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் நெட்வொர்க்டி மட்டும் மறுதொடக்கமாகும் நிலைமை அதுவரை நேரவே இல்லை. வெவ்வேறு மேக நிறுவனங்களில், வெவ்வேறு வட்டாரங்களில், ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும் என்று திட்டமிட்டுப் பிரித்து வைத்திருந்த கணினிகள் எல்லாம் ஒரே மணி நேரத்தில் விழுந்தன. அவற்றுக்கு இடையே பொதுவாக எந்த இணைப்பும் இல்லை. கடிகாரம் மட்டுமே பொதுவாக இருந்தது.

அந்த நிறுவனம் தன் மென்பொருளைப் படிப்படியாகத்தான் பரப்பி வந்தது. அடித்தள உபுண்டுவுடன் இயல்பாகவே இயங்கி வந்த இந்தப் பழைய வாய்க்கால் மட்டும் அந்த ஒழுங்குக்கு வெளியே திறந்திருந்தது. பின்னர் அவர்கள் அதை மூடினார்கள். பாதுகாப்பைக் கைவிட்டு மூடவில்லை. திருத்தங்களைத் தங்கள் சொந்த வழியில், தாங்கள் குறித்த வேகத்தில் அனுப்ப முடிந்ததால் மூடினார்கள். அந்த வசதி இல்லாத ஒருவர் மூடினால் அது வேறு கதை. இங்கே நான் வாயிற்கதவு அவர்களின் பக்கமே நிற்கிறேன்.

நீலமேசை எழுதியது:

என் அனுபவம் உபுண்டு சார்ந்ததன்று. ஆனாலும் தலைப்புக்கு நேரடியாகப் பொருந்துவதால் எழுதுகிறேன். ஃபெடோரா மேசைக்கணினிகளில் இந்தப் பணியைப் பின்னால் இருந்து நடத்துவது பேக்கேஜ்கிட். அதை முடக்கப் பலர் சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் கொடுத்துவிட்டு, மறுநாள் அது மீண்டும் ஓடுவதைக் கண்டு திகைக்கிறார்கள். டிசேபிள் என்பது கணினி எழும்போது அந்தச் சேவையைத் தொடங்க வேண்டாம் என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. பேக்கேஜ்கிட்டோ கணினியுடன் எழுவதே இல்லை. நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் டி-பஸ் வழியாக யாரேனும் அதன் பெயரைச் சொல்லி அழைத்தால்தான் எழும். க்னோம் மென்பொருள் மையம் பயனரின் அமர்வில் பின்னணியில் இருந்தபடியே அதை அழைக்கும். அழைப்பையும் சேர்த்து மறுக்க வேண்டுமானால் மாஸ்க் செய்ய வேண்டும்; அப்போது அந்தச் சேவையின் பெயர் டெவ்-நல் என்ற வெற்றுக் கோப்பை நோக்கித் திருப்பப்பட்டு, யார் கூப்பிட்டாலும் எழாது. ஆனால் மென்பொருள் மையத்தில் கணினிப் பொதிகளின் மேம்பாடுகளும் தெரியாமல் போகும். தானாக இறக்குவது மட்டுமே தொல்லை என்றால், க்னோம் மென்பொருள் அமைப்பில் டவுன்லோட்-அப்டேட்ஸ் என்ற விருப்பத்தை ஃபால்ஸ் என்று மாற்றினாலே போதும்.

ஓபன்சூசேயில் பொதிகளை நிறுவும் சிப்பர் கட்டளையைக் கொடுக்கும்போது, பேக்கேஜ்கிட் தடுத்துக்கொண்டிருக்கிறது, அதை விலகச் சொல்லட்டுமா என்று கேட்பதும் இதே காரணத்தால்தான்.

ரெட் ஹாட் 8, 9 வகைக் கணினிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. தானாக மேம்படுத்தும் கருவியான டிஎன்எஃப்-ஆட்டோமேட்டிக்கின் அமைப்புக்கோப்பில் அப்ளை-அப்டேட்ஸ் என்பதற்கு நோ என்று எழுதியிருந்தாலும், டிஎன்எஃப்-ஆட்டோமேட்டிக்-இன்ஸ்டால்.டைமர் என்ற டைமரை இயக்கியிருந்தால் அது அமைப்பைப் பொருட்படுத்தாமல் நிறுவிவிடும். கோப்பைத் திருத்தியதோடு நிறுத்தாமல், எந்த டைமர் ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கணிப்புக்கூடம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாஸ்க் செய்யும் எண்ணத்தைக் கைவிடுகிறேன். வாயிற்கதவு அவர்கள் சொன்ன 3 மாதம் என்பது உண்மையிலேயே என்னை உறுத்துகிறது. அந்தச் சர்வரில் மாணவர்களின் வெளியிடப்படாத தரவுகள் இருக்கின்றன.

ஒரு யோசனை தோன்றுகிறது. அட்டைகளில் கணிப்பு ஓடும்போது மேம்படுத்தல் தொடங்காதபடி தடுக்க வழி உண்டா?

கருந்திரை எழுதியது:

உண்டு. ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.சர்வீஸ் அலகுக்கு ஒரு மேலமைப்பு (கூடுதல் அமைப்புக்கோப்பு) எழுதி, அதில் எக்ஸெக்-கண்டிஷன் என்ற வரியில் ஒரு சிறு சோதனை நிரலைக் கொடுக்கலாம். அது 1 முதல் 254 வரையிலான எண்ணுடன் முடிந்தால், சேவை தோல்வி என்று பதிவாகாமல் அமைதியாகத் தவிர்க்கப்படும். ஆனால் உங்கள் சர்வரில் அதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். 2 வாரக் கணிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இடத்தில் அட்டைகள் காலியாக இருக்கும் நேரமே அரிது. மறுபடியும் மாதக்கணக்கில் திருத்தம் இல்லாத நிலைக்கே போய்விடுவீர்கள்.

உங்களுக்கு உண்மையில் தீங்கு செய்வது டிரைவர் மாறுவது மட்டுமே. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் (இயங்குதளத்தின் கரு) பழைய டிரைவர் தொகுதி ஏற்றப்பட்டிருக்க, வட்டில் இருக்கும் நிரலகம் மட்டும் புதிதாகிவிடுகிறது. முன்பே தொடங்கிய கணிப்பு பழைய நிரலகத்தை நினைவகத்தில் பிடித்திருப்பதால் தப்பிக்கிறது; புதிதாகத் தொடங்குவது வட்டில் இருப்பதை ஏற்றி முட்டிக்கொள்கிறது. ஆகவே டிரைவர் பொதிகளையும் கெர்னல் பொதிகளையும் மட்டும் விலக்கிவிட்டு, மற்றவற்றை நாள்தோறும் வரவிடுங்கள். இரண்டையும் சேர்த்தே விலக்குங்கள். கெர்னல் மட்டும் முன்னேறினால், அடுத்த மறுதொடக்கத்தில் அதற்குப் பொருந்தும் டிரைவர் தொகுதி இல்லாமல் போகக்கூடும்.

விலக்க இரண்டு வழிகள் உள்ளன. ஆப்ட்-மார்க் ஹோல்ட் கொடுத்தால், நீங்களே கையால் ஆப்ட் அப்கிரேட் செய்தாலும் அந்தப் பொதி நகராது. 50அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ் கோப்பில் பேக்கேஜ்-பிளாக்லிஸ்ட் பகுதியில் எழுதினால், தானியங்கி மட்டுமே அதைத் தொடாது. உங்கள் கைக்குத் தடை இல்லை. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்கு ஒதுக்கி அன்று நீங்களே செய்வதானால், இரண்டாவதே ஏற்றது. ஹோல்ட் போட்டதை மறந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் பழைய டிரைவருடன் ஓடும் சர்வர்களை நான் கண்டதுண்டு. பிளாக்லிஸ்டில் எழுதுவது பெயரின் தொடக்கத்திலிருந்து பொருத்தப்படும் ஒழுங்குக்கோவை (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் விதி) என்பதை மனத்தில் கொள்ளுங்கள். நிரலகப் பொதிகளின் பெயர் லிப் என்று தொடங்குவதால், அவற்றைத் தனி வரியாக எழுத வேண்டும்.

நிறுவும் டைமரின் நேரத்தை மாற்றும்போது ஒரு கண்ணி இருக்கிறது. சிஸ்டம்சிடிஎல் எடிட் வழியாக ஆன்-காலெண்டர் வரியில் புதிய நேரத்தை எழுதினால், பழைய நேரம் போய்விடாது. இரண்டும் சேர்ந்து ஓடும். முதலில் ஆன்-காலெண்டர் என்று எழுதி, சமக்குறிக்குப் பின் எதுவும் எழுதாமல் ஒரு வரி விட்டுப் பழையதை அழித்த பிறகே, அடுத்த வரியில் புதியதை எழுத வேண்டும். நேரத்துடன் ஏசியா/கொல்கத்தா என்ற நேர வட்டாரத்தையும் அங்கேயே சேர்க்கலாம். சர்வரின் யுடிசி அமைப்பை மாற்றத் தேவையில்லை. பெர்சிஸ்டென்ட் என்ற வரி இயல்பாக இயக்கத்தில் இருப்பதையும் மறக்க வேண்டாம்: குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால், எழுந்தபின் விட்டுப்போன வேலையை அது செய்யத் தொடங்கும்.

தரவுக்கிடங்கு எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நிறுவலுக்குப் பின் எந்தச் சேவை மறுதொடக்கமாகும் என்பது தனிக் கேள்வி. போஸ்ட்கிரெஸ் பொதி மேம்படும்போது தரவுத்தளமும் மறுதொடக்கமாகும்; பகலில் நடந்தால் எல்லா இணைப்புகளும் அறுபடும். உபுண்டு 24.04 இலிருந்து நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி, பழைய நிரலகத்தைப் பிடித்திருக்கும் சேவைகளைக் கேட்காமலேயே மறுதொடக்கம் செய்யும்படி மாறியிருக்கிறது. மறையாக்க நிரலகமான ஓபன்எஸ்எஸ்எல்லின் திருத்தம் வட்டில் இறங்கியும் சேவை பழையதையே நினைவகத்தில் வைத்திருந்தால் பயனில்லை என்பதால், அந்த மாற்றத்தின் நோக்கம் சரியானது. ஆனால் 22.04 இலிருந்து மாறுபவர்கள் அதன் அமைப்புக்கோப்பில், தொடக்கூடாத சேவைகளை முன்கூட்டியே விலக்காக எழுதி வைத்துவிட வேண்டும். உங்கள் கணிப்புகளை வரிசைப்படுத்தும் சேவை அந்த விலக்கில் கட்டாயம் இருக்கட்டும்.

கணிப்புக்கூடம் எழுதியது:

நேற்றிரவு அந்தப் பழைய கணிப்பு முடிந்தது. தரவு முழுமையாக இருக்கிறது. மாணவியிடம் நடந்ததை விளக்கி, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். இன்று காலை மறுதொடக்கம் செய்ததும் 4 அட்டைகளும் வேலைக்கு வந்துவிட்டன.

ஆப்ட்-டெய்லி.டைமரையும் அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ்.சர்வீஸையும் மீண்டும் இயக்கிவிட்டேன். நிறுவும் டைமர் இனி இந்திய நேரம் அதிகாலை 3 மணிக்கு ஓடும். டிரைவரும் கெர்னலும் பிளாக்லிஸ்டில் இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அவற்றை நானே மேம்படுத்தி மறுதொடக்கம் செய்வேன் என்ற அறிவிப்பைத் துறையில் ஒட்டியிருக்கிறேன். இடைநிலைச் சேமிப்பு இல்லாமல் எந்தக் கணிப்பையும் தொடங்கக்கூடாது என்ற விதியும் அதே தாளில் இருக்கிறது. அனட்டெண்டட்-அப்கிரேட் கட்டளையை, நிறுவாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் டிரை-ரன், விவரங்களைக் காட்டும் டீபக் ஆகிய விருப்பங்களுடன் ஓட்டிப் பார்த்தேன்: நிறுவக் காத்திருக்கும் பொதிகள் 61, டிரைவர் பொதி ஒவ்வொன்றும் விலக்கப்பட்டதாகவே காட்டுகிறது. நாளை அதிகாலை அவை இறங்கியதும் ஹிஸ்டரி.லாக் கோப்பைப் படித்துவிட்டு, ஏதேனும் மாறுபட்டிருந்தால் இங்கே எழுதுகிறேன்.